ஆமா என்றால் அம்மா

நேபாளியில் அம்மாவை ‘ஆமா’ என்று கூப்பிடுவார்கள். காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் நான் தங்கியிருந்த 14 நாள்களில் 9ஆம் நாள்தான் இது எனக்குத் தெரிந்தது. அதற்கு முந்திய எட்டு நாளும் அந்தச் சொல் என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது.

லலித்பூரின் விளிம்பில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லம் அது. அந்தச் சிறுமிக்கு நான்கு வயது இருக்கும். மாலையில் மின்சாரம் போனதும் வந்து என் மடியில் ஏறிக்கொள்வாள். சின்னக் குழந்தைகளிடம் பேசும்போது நமக்கு நம் மொழிதான் வாயில் வரும். “தூக்கம் வருதா கண்ணு?” என்பேன். “ஆமா” என்பாள். “குளிருதா?” “ஆமா.” “பாட்டுப் பாடட்டா?” “ஆமா.” இவளுக்குத் தமிழ் புரிகிறது, என்ன கேட்டாலும் சரி என்கிறாள் என்று தோழிகளிடம் பெருமையடித்துக்கொண்டேன். எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். திருத்துவதற்கு யாரும் இல்லை.

9ஆம் நாள் இரவு, இல்லத்தில் வேலை பார்த்த தீதி பானை கழுவிக்கொண்டே நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தீதி என்றால் அக்கா. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். பக்கத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பெரிய பெண் நிமிர்ந்து, அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: “அவள் அவளுடைய அம்மாவைக் கூப்பிடுகிறாள்.”

இறந்துபோன அம்மாவையும் குழந்தை கூப்பிடும்தான். அதனால் கேட்டேன். அம்மா எங்கே என்று. பெரிய பெண் சாதாரணமாகச் சொன்னாள்: ஊரில் இருக்கிறாள், தசைனுக்கு வந்துவிட்டுப் போனாள். நம் நவராத்திரியை ஒட்டி வரும் அவர்களுடைய பெரிய பண்டிகை தசைன். நாங்கள் போனது டிசம்பரில். அப்படியென்றால் இரண்டு மாதத்துக்கு முன்பு அந்த அம்மா இங்கே வந்து, மகளைப் பார்த்து, திரும்பிப் போயிருக்கிறாள்.

எங்களுக்குக் கொடுத்திருந்த தாளில் சிறுமியின் பெயருக்கு நேரே ‘அநாதை’ என்று இருந்தது.

ஒரு பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டது எனக்குச் சம்மதமாகக் கேட்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது என்னை விடவில்லை. நல்லது செய்யப் போகிறவர்களின் காதில் எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் ‘சரி’ என்றுதான் விழுமா? நல்லெண்ணம் ஒரு செயலை நல்லதாக்கிவிடுமா? ஆக்காது என்றால், அதை நல்லதாக்குவது எது?

*

2010 டிசம்பர். எனக்கு வயது 20. சிங்கப்பூரில் பல்கலைக்கழகங்களும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் விடுமுறையில் மாணவர்களை நேபாளம், கம்போடியா, வியட்நாம் என்று தொண்டுக்கு அனுப்புவது வழக்கம். எங்கள் ஊர்த் தமிழில் இப்படிப் போகிறவர்களைத் தொண்டூழியர் என்போம். தமிழ்நாட்டில் தன்னார்வலர் என்கிறீர்கள். உங்கள் சொல் இன்னும் நேர்மையானது என்று பிறகு எனக்குத் தோன்றியது. தன் ஆர்வத்தின் பேரில் வருகிறவர் என்று அது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

நாங்கள் 18 பேர். நடைபாதையில் மேசை போட்டுக் கேக் விற்றோம், சட்டை அச்சடித்து விற்றோம். குழுவில் சேர ஒரு நேர்காணல் இருந்தது. ஆண்களிடம் பாரம் தூக்குவீர்களா என்று கேட்டார்கள். பெண்களிடம் குழந்தைகளைப் பிடிக்குமா என்று கேட்டார்கள். பிடிக்கும் என்றேன். தகுதித் தேர்வு அதோடு முடிந்தது.

இல்லத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு மேடை கட்ட வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையானது. தெருக்கோடியில் தாழ்வான கல்தாரைகளில் விடியுமுன்பே பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். மேடை கட்டும் வேலை ஆண்களுக்கு. அவர்களோடு உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் நாள் முழுக்க இருந்தார். கலவை எவ்வளவு, செங்கல் எப்படி, எல்லாம் அவர் சொன்னபடிதான். கட்டடம் தெரியாத பிள்ளைகள் கட்டினால் தொட்டி சரிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

குழந்தைகள் அறை எங்களுக்கு. அங்கே அப்படி ஒருவர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த அறையை அறிந்தவர்கள் இல்லாமல் இல்லை. இரண்டு தீதிகள் இருந்தார்கள். எந்தக் குழந்தை எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூங்கும், எது எதற்கு அழும் என்று அவர்களுக்குத் தெரியும். நாங்கள் வந்ததும் அவர்கள் சமையலறைக்கு அனுப்பப்பட்டார்கள். எங்களுக்குக் குழந்தைகளோடு நேரம் கிடைக்க வேண்டும் அல்லவா?

அன்று இது எனக்கு உறைக்கவில்லை. பிறகு யோசிக்க யோசிக்க, எங்கள் பயணத்தின் அடியில் இருந்த நம்பிக்கை புலப்பட்டது. குழந்தை வளர்ப்பது வேலை இல்லை, அதற்குத் திறமை வேண்டாம், பயிற்சி வேண்டாம், பெண்ணாக இருந்தால் போதும், இரண்டு வாரத்துக்கு யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நம்பிக்கை. வீட்டில் ‘சும்மாதானே இருக்கிறாள்’ என்று மனைவியைச் சொல்லும் ஆண் நம்புவதும் இதைத்தான். அவனோடு சண்டை போடுகிற நாங்கள், அவனுடைய நம்பிக்கையைப் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு போயிருந்தோம்.

சுவரில் படம் வரைவதும் எங்கள் திட்டத்தில் இருந்தது. பழைய சாயத்தை உப்புத்தாளால் தேய்த்தபோது அடியிலிருந்து வேறு படங்கள் வந்தன. ஒரு வானவில், அதன் கீழே வரிசையாக உள்ளங்கை அச்சுகள். இன்னும் தேய்த்தால் அதற்கும் அடியில் ஒரு யானை. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் வரைந்தவை. அந்தச் சுவருக்குச் சாயம் தேவைப்படவே இல்லை. எங்களுக்குத்தான் ஒரு சுவர் தேவைப்பட்டது. தலை, தோள், முழங்கால் என்று தொட்டுக் காட்டும் ஆங்கிலப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கப் போனோம். குழந்தைகள் எங்களுக்கு முன்பே பாடி முடித்தார்கள். நாங்கள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, மூத்தவன் ஒருவன் மற்றவர்களுக்குச் சைகை காட்டினான். மறுமுறை அவர்கள் தெரியாததுபோல் எங்களிடம் கற்றுக்கொண்டார்கள். இரக்கம் அங்கே எந்தத் திசையில் ஓடிக்கொண்டிருந்தது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

*

திரும்பி வந்த பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். போவதற்கு முன் படித்திருக்க வேண்டியவை.

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. வடமேற்கில் திபெத் எல்லையை ஒட்டிய ஹும்லா மாவட்டத்துக்கு அப்போது நாட்டின் மற்ற பகுதிகளோடு சாலைத் தொடர்பே இல்லை. பிள்ளைகளைக் கிளர்ச்சிப் படைக்கு இழுத்துக்கொள்வார்களோ என்று பெற்றோர் பயந்தார்கள். காத்மாண்டுவில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம் என்று சொல்லி வந்த தரகர்களிடம் காசும் கொடுத்துப் பிள்ளையையும் கொடுத்தார்கள். நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பிள்ளைகள் ஆவணங்களில் அநாதைகளாகிவிட்டிருந்தார்கள். உயிரோடிருக்கும் பெற்றோருக்கு இறப்புச் சான்றிதழ் எழுதப்பட்டது. போர் முடிந்தும் தரகு முடியவில்லை.

2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவிலான நிலநடுக்கம் நேபாளத்தைக் குலுக்கியது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். உலகமெங்கும் இளைஞர்கள் அநாதைகளுக்கு உதவக் கிளம்பினார்கள். அப்போது யுனிசெஃப் ஓர் எச்சரிக்கை விடுத்தது. நிலநடுக்கத்துக்கு முன்பே நேபாள இல்லங்களில் 15,000 குழந்தைகளுக்கு மேல் இருந்தார்கள், அவர்களில் குறைந்தது 85 விழுக்காட்டினருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடிருக்கிறார்கள் என்றது. பெற்றோர் துணையில்லாமல் குழந்தைகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக அரசு தடை விதித்தது. வெளிநாட்டுத் தத்துகளையும் புதிய இல்லங்களின் பதிவையும் நிறுத்தியது.

அந்த இல்லங்களில் பெரும்பாலானவை எங்கே இருந்தன என்பதையும் பாருங்கள். வறுமை அதிகமுள்ள மலை மாவட்டங்களில் அவை இல்லை. காத்மாண்டு, லலித்பூர், பொக்காரா என்று வெளிநாட்டவர் வந்து இறங்கும் இடங்களில் இருந்தன. குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு இல்லம் போகவில்லை. நாங்கள் இருக்கும் இடத்துக்குக் குழந்தைகள் கொண்டுவரப்பட்டார்கள்.

நான் போன இல்லத்தை நடத்தியவர் கெட்டவர் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், இரண்டு வேளை பருப்பும் சோறும் சாப்பிட்டார்கள். ஒருவரும் கெட்டவராக இல்லாமலே இது நடக்கும் என்பதுதான் என் பயம். அம்மா பிள்ளை படிக்கட்டும் என்று அனுப்புகிறாள். இல்லத்துக்கு நன்கொடை வேண்டும். நன்கொடையாளருக்கு அநாதை வேண்டும். எனக்கு மடியில் ஒரு குழந்தை வேண்டும். எல்லோருடைய நல்லெண்ணமும் ஒன்று சேர்ந்து, உயிரோடிருக்கும் ஒரு பெண்ணை ஒரு தாளிலிருந்து அழித்துவிடுகிறது.

அநாதை என்ற சொல்லையே கொஞ்சம் பார்ப்போம். நேபாளியிலும் அதே சொல்தான்: அநாத், அநாதாலய. வடமொழியிலிருந்து இரு மொழிக்கும் வந்தது. நாதன் இல்லாதவர் என்று பொருள். நாதன் என்றால் தலைவன், உடையவன், காப்பவன். காத்மாண்டுவின் பெருங்கோயிலான பசுபதிநாத்தில் இருப்பதும் அதே நாதன்தான். அம்மா இருக்கிறாளா என்று அந்தச் சொல் கேட்பதே இல்லை. உடையவன் இல்லையென்றால் அநாதை, முடிந்தது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியவில்லை. நேபாளத்தின் 2015 அரசமைப்புச் சட்டத்திலும், தாய் வழியாகக் குடியுரிமை கேட்கும் பிள்ளைக்குத் தந்தை வழியாகக் கேட்கும் பிள்ளையைவிட அதிக நிபந்தனைகள் இருக்கின்றன. கணவன் விட்டுப்போன பெண், கணவன் எங்கே என்றே தெரியாத பெண், தன் பிள்ளைக்குத் தாள் வாங்க ஆண் ஒருவனைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. தாளில் அவள் பாதி மனுஷி. அவள் பிள்ளையை அநாதையாக்குவது அப்படியொன்றும் கடினமில்லை.

*

இங்கே பெண்ணியம் பேசுகிற நாம் ஒரு குழியில் விழுந்துவிடக் கூடாது. பிள்ளை அம்மாவிடம்தான் இருக்க வேண்டும், அதுதான் இயற்கை என்று நான் சொல்ல வரவில்லை. தாய்மையைப் புகழ்ந்தே பெண்களைப் பூட்டி வைத்த வரலாறு நமக்குத் தெரியும். 2012இல் நேபாள அரசு 30 வயதுக்குட்பட்ட பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போவதைத் தடுத்தது. 2013இல் இலங்கை அரசு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போவதைத் தடுத்தது. காரணமாகச் சொன்னது பெண்களின் பாதுகாப்பு, குழந்தைகளின் நலன். ஊரில் கூலி கிடைக்க வழிசெய்யாமல் வாசலை மட்டும் அடைத்தால் என்ன ஆகும்? போகத்தான் செய்தார்கள், திருட்டு வழியில், இன்னும் அதிக ஆபத்தோடு.

நேபாளம் சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலையையும் அனுமதிப்பதில்லை. நாங்கள் 18 பேரும் சுற்றுலா விசாவில்தான் போயிருந்தோம். ஒரு கேள்வி இல்லை. தன் பிள்ளைக்குச் சோறு போட இன்னொருத்தியின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகும் பெண்ணுக்கு வயது வரம்பு, தடை, தரகு. பொழுதுபோக்காக அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் எனக்கு விமான நிலையத்தில் சாமந்தி மாலை.

இதை எழுதும்போது இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் வீவக வீட்டில் என்னை வளர்த்தவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அக்கா. எனக்கு 9 வயதானபோது வந்தார். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போவார்கள். எனக்குத் தலை பின்னியதும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும், முதல் மாதவிடாயின்போது பயந்து நின்ற என்னை உட்காரவைத்து விஷயம் சொன்னதும் அக்காதான். அக்காவின் மகள் லயத்தில் அம்மாயியிடம் வளர்ந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள்.

நாங்கள் அக்கா என்றோம். அங்கே தீதி என்றார்கள். உறவுச் சொல்லில் கூப்பிடுவதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் வேலையை மறைக்கவும் செய்கிறது. அக்காவுக்கு எதற்கு ஓய்வு நாள்? சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் இல்லப் பணிப்பெண்களுக்குப் பொருந்தாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்ற விதி வந்ததே 2013இல்தான். முதல் சில மாதச் சம்பளம் முகவருக்குக் கழிந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை, அதில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. கர்ப்பம் என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒரே வேலை. குழந்தையைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது. அக்கா செய்தபோது அது பணி. தீதி செய்தபோது அது வேலைகூட இல்லை, சமையலறைக்கும் குழந்தைகள் அறைக்கும் நடுவே நடப்பது. நான் 14 நாள் செய்தபோது அது தொண்டு. அதற்குச் சான்றிதழ் தந்தார்கள், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதை நான் இணைத்தேன். எங்கள் 18 பேரின் விமானக் கட்டணத்தைப் பிறகு ஒரு நாள் கூட்டிப் பார்த்தேன். அந்த இரண்டு தீதிகளுக்குப் பல ஆண்டுச் சம்பளம் வந்தது.

*

மாணவிகளிடம் இதைப் பேசும்போது மூன்று எதிர்வாதங்கள் தவறாமல் வரும். மூன்றும் நானே எனக்குச் சொல்லிப் பார்த்தவை.

முதலாவது: அந்த 14 நாள் குழந்தைகள் சந்தோஷமாகத்தானே இருந்தார்கள்? இருந்தார்கள். புறப்பட்ட அன்று அந்தச் சிறுமி என் துப்பட்டாவை விடவில்லை. தீதிதான் விரல் விரலாகப் பிரித்தெடுத்தார். அவ்வளவு பாசம் என்று அன்று அழுதேன். முன்பின் தெரியாத யார் வந்தாலும் ஓடிவந்து மடியில் ஏறும் குழந்தையைக் கண்டால் குழந்தை வளர்ச்சியைப் படித்தவர்கள் மகிழ்வதில்லை, கவலைப்படுகிறார்கள். நிலையான ஒரு ஆள் இல்லாமல் வளர்ந்ததன் அடையாளம் அது. அந்தச் சுவரில் இருந்த ஒவ்வோர் அடுக்குச் சாயத்துக்கும் ஒரு பிரிவு உண்டு. அடுத்த குழு வரும்வரை அவள் அழுகையைத் தேற்றியது எங்கள் கணக்கில் வராத தீதி. மேடை சரியாமல் பார்த்துக்கொண்ட கொத்தனாரைப் போல, இங்கே சரிந்ததை எடுத்துக் கட்டியது அவர்.

இரண்டாவது: அப்படியானால் ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருக்கவா? 1968இல் இவான் இல்லிச் அமெரிக்க மாணவத் தொண்டர்களின் கூட்டத்தில் பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் பிறகு சந்தேகத்தைக் கொடுத்தது. போகாமல் இருப்பதால் என் கை சுத்தமாகிவிடுமா? அக்காவின் மகள் அம்மா இல்லாமல் வளர்ந்தது நான் காத்மாண்டு போனதால் நடக்கவில்லை. நான் வீட்டில் இருந்ததால் நடந்தது.

வள்ளுவர் ஒப்புரவை ஓர் அதிகாரமாகவும் ஈகையை அடுத்த அதிகாரமாகவும் வைத்திருக்கிறார். பள்ளியில் படித்தபோது இரண்டும் ஒன்றுதானே, ஏன் 20 குறள் என்று நினைத்தேன். ஈகைக்கு மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வேண்டும். ஒப்புரவு என்ற சொல்லுக்குள் ‘ஒப்பு’ இருக்கிறது. அவர் எந்தப் பொருளில் எழுதினார் என்பதை அறிஞர்கள் சொல்லட்டும். எனக்கு அது இப்படிப் படுகிறது: உதவி பெறுகிறவர் உதவி செய்கிறவரைக் கேள்வி கேட்க முடிகிறதா? ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறதா? சொன்னால் அது வேண்டாம் என்றே காதில் விழுகிறதா? இந்த மூன்றுக்கும் இடமில்லாத உதவி, எவ்வளவு அன்போடு செய்தாலும், ஒருவர் வாழ்க்கையில் அனுமதியில்லாமல் நுழைவதுதான். பெண்களுக்கு இது புதிய பாடமே இல்லை. ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று நமக்குச் செய்யப்பட்டவற்றை ஒவ்வொருத்தியும் ஒரு பட்டியல் போடலாம். அதைச் செய்தவர்களில் பலர் நம்மேல் உண்மையிலேயே அன்பு வைத்திருந்தவர்கள்.

மூன்றாவது வாதம்தான் கடினமானது: அந்தப் பயணம் இல்லையென்றால் நீ இதையெல்லாம் யோசித்திருப்பாயா? உண்மை. யோசித்திருக்க மாட்டேன். என் கண் திறந்தது அங்கேதான். ஆனால் என் கண் திறப்பதற்கான செலவை ஒரு நான்கு வயதுப் பிள்ளை ஏன் கொடுக்க வேண்டும்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. கற்றுக்கொண்டேன் என்பதை நியாயமாக நீட்டாமல், கடனாக வைத்துக்கொள்ளத்தான் முடிகிறது.

உலகம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வகையாக ஆஸ்திரேலியா 2018இல் ஏற்றது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், இல்லங்களில் வெளிநாட்டவர் செய்யும் தொண்டின் கேடுகளைப் பேசியது. நேபாளத்திலேயே பிள்ளைகளின் ஊரைத் தேடிக் கண்டுபிடித்து, நாள் கணக்கில் மலையேறிப் போய் அம்மாவிடம் சேர்க்கும் வேலையை உள்ளூர்க்காரர்கள் செய்கிறார்கள். அதில் மடியில் குழந்தையோடு படம் எடுக்க வழியில்லை. அந்த மொழி தெரிய வேண்டும், அந்த மலைப்பாதை தெரிய வேண்டும், வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். நம்மால் முடிந்தது பெரும்பாலும் அவர்கள் சம்பளத்துக்குப் பணம் அனுப்புவது. சலிப்பான உதவிதான். ஒரு தீதிக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகக் கிடைப்பதும், ஒரு அம்மாவுக்குப் பள்ளிக் கட்டணம் கைக்கு வருவதும் யாருடைய கண்ணையும் திறக்காது.

*

திரும்பி வந்த வாரம் கல்லூரியில் படக்காட்சியோடு பேச வேண்டியிருந்தது. முந்தின இரவு கூடத்தில் கணினியை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். அக்கா துணி மடித்துக்கொண்டே பார்த்தார். அந்தச் சிறுமி என் மடியில் இருக்கும் படம் வந்தது. பெரிய பெண் சொன்னதை நான் படக்காட்சியில் சேர்க்கவில்லை. அநாதைக் குழந்தை என்றே எழுதியிருந்தேன், ஏனென்றால் அப்படித்தான் நன்கொடை கேட்டிருந்தோம்.

“இது யாரு புள்ள பாப்பா?” என்றார் அக்கா.

அம்மா ஊரில் இருக்கிறாளாம் என்றேன். அக்காவிடம் பொய் சொல்ல வரவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். “ஒங்க மடியில இருக்குன்னு அந்த அம்மாவுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“படத்தயாச்சும் அனுப்பி வைங்க. வளந்துட்டா மொகம் மாறிப் போயிரும்.”

மகளைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று நான் அப்போது கேட்டிருக்கலாம். 11 ஆண்டுகளில் அக்கா எத்தனை முறை ஊருக்குப் போனார் என்பதை அம்மாவிடம்தான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று முறை.

மறுநாள் பேசினேன். கைதட்டினார்கள். படத்தை அனுப்ப எனக்கு எந்த முகவரியும் தெரியாது. இல்லத்துக்கு மின்னஞ்சல் போட்டேன், பதில் வரவில்லை, நானும் விட்டுவிட்டேன். இணையத்தில் போட்டிருந்ததை வெகு காலத்துக்குப் பிறகு எடுத்தேன். ஒரு பிரதி மட்டும் அச்சாக என்னிடம் இருக்கிறது. அந்தச் சிறுமி இப்போது நான் அங்கே போனபோது இருந்த வயதை எட்டியிருப்பாள். படத்தில் அவள் வாய் லேசாகத் திறந்திருக்கிறது. அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். நான் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.